துப்பத் தெரியாதவன்

வைன் கடையில் வேலை எண்டவுடன் எல்லாரும் என்ரை வாயைத்தான் பாக்கினம், முதுகை ஒருத்தரும் பாக்கிறதில்லை. ஒஸ்லோவில் பதினெட்டு வருசமாய் ஆறு போத்தல் பெட்டி தூக்கிறன். நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிற ஆக்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும்.

முதுகு கதைச்ச நாள்

போன விண்டரில் குனிஞ்சனான், நிமிர முடியேல்லை. டொக்டர் இனிப் பெட்டி தூக்கக் கூடாது எண்டிட்டார். எனக்கு ஐம்பத்திமூண்டு வயது, வேறை எங்கை போறது? ஆக்களுக்கு வைன் தெரிஞ்சு குடுக்கிற ஆலோசகர் இடம் ஒண்டு கடையில் காலியாய் இருந்தது. அதுக்கு ஒரு சுவைப் பரீட்சை. பொறுப்பாளர் இங்ரிட் நல்ல மனுசிதான். "பாஸ் பண்ணினால் இஞ்சை இருப்பாய். இல்லாட்டில் உனக்குத் தர என்னட்டை வேலை இல்லை," எண்டா.

ஒரு மலை, ரெண்டு வைன்

எங்களுக்குப் படிப்பிக்க இத்தாலியில் இருந்து கியாரா எண்டொரு மனுசி வந்தா. நாலு தலைமுறையாய் அவவின்ரை குடும்பம் ஒரே மலையில் சிவப்பு வைன் செய்யுது. ஒரே முந்திரிகைக் கொடி, ஒரே வருசம், ஒரே நிலவறை. மேல் சரிவு சுண்ணாம்புக்கல்லு, அந்த வைன் இறுக்கமாய் நாக்கைப் பிடிக்கும். கீழ்ச் சரிவு களிமண், அது மெத்தெண்டு இறங்கும். வாயில் வைச்சுப் பாத்திட்டு வாளிக்குள்ளை துப்பவேணும், விழுங்கினால் வெறி ஏறி ருசி பிடிபடாது, அதுதான் முறை.

நான் எப்பிடித் துப்புவன்? போன வீட்டில் தாற தேத்தண்ணியைச் சீனி இல்லாட்டிலும் அடிமட்டும் குடிக்கிற ஆக்கள் நாங்கள். அவ தன்ரை பூட்டன் நட்ட கொடியின்ரை சாறை ஒன்பது கிளாசிலை மாறி மாறித் தந்திட்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. ஒன்பது கிளாசையும் விழுங்கினன். ஆறாவதோடை மேலும் கீழும் ஒண்டாயிட்டுது. எது எந்தச் சரிவு எண்டு கேட்டா, எல்லாம் நல்லாயிருக்கு எண்டன். "உனக்கு மரியாதை இருக்கு, நாக்குத்தான் இல்லை," எண்டா.

குணம் அண்ணையின்ரை பை

குணம் அண்ணை எங்கடை தமிழ் ஆக்கள் கனபேர் இருக்கிற ஸ்டோவ்னர் பக்கம் இருக்கிறவர். அங்கை வாங்கினால் தெரிஞ்ச ஆக்கள் காணுவினம் எண்டு, மகளின்ரை பள்ளிக்கூடப் பையோடை எங்கடை கடைக்கு வருவார். எப்பவும் ஒரே கேள்வி, எது கெதியாய் ஏறும். பரீட்சைக்கு முதல் ஒருநாள் அவரைப் பிடிச்சு வைச்சு மேல்மண், கீழ்மண் எல்லாம் சொல்லிப் பழகினன். ஒன்பது கிளாஸ் விழுங்கின கதையையும் சொன்னன். சொல்லி முடிய எனக்கே களைப்பு. அவர் போத்தலைப் பைக்குள்ளை தள்ளினார். "இதிலை என்ன புதினம்? ஊரிலை எங்கடை வளவிலை வேலிக்கு இஞ்சாலை நல்ல தண்ணி, அங்காலை உவர். ஒரு வாய் கொப்பளிச்சுத் துப்பினால் எந்தக் கிணறெண்டு சொல்லுவம். நீர் ஏனப்பா விழுங்கினனீர்?"

பரீட்சை

ரெண்டு கிளாஸ், கியாராவின்ரை மலைதான். மனதுக்குள்ளை அவவிட்டை மன்னிப்புக் கேட்டிட்டு, கிணத்தடியில் நிக்கிறன் எண்டு நினைச்சுக் கண்ணை மூடிக் கொப்பளிச்சுத் துப்பினன். முதலாவது நாக்கைப் பிடிச்சுது, கல்லு. மற்றது களி. ரெண்டும் சரி எண்டு பரீட்சகர் சொன்னவுடன் எனக்குக் கண் கலங்கிப் போச்சுது. கண்ணைத் துடைச்சிட்டுப் பாத்தால், அவர் தன்ரை வெள்ளைச் சட்டைக் கையைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். வாளி மற்றப் பக்கம் இருந்திருக்கு. "பாஸ். ஆனால் வாடிக்கையாளருக்கு முன்னாலை துப்பவேண்டாம்," எண்டார்.

பதினெட்டு வருசம் தூக்கி முறிஞ்ச முதுகைக் கடைசியில் ஒரு வாய்த் துப்பல்தான் காப்பாத்தினது.