சித்தப்பா கேட்ட இரைச்சல்

குஜராத் பூகம்பத்தில் சித்தியைப் பறிகொடுத்துவிட்டு வந்த சித்தப்பா, செஞ்சியில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த வருஷம் முழுக்க ரேடியோவும் கையுமாகவே இருந்தார். சிற்றலையில் ஏதோ தூரதேசத்து நிலையத்தைப் பிடித்து, அது தெளிவாகக் கேட்கிறதா என்று மட்டும் கவனிப்பார். நிலம் நடுங்குவதற்கு முன் வானத்தின் உயரத்தில் மின்சாரம் கலங்கும், அப்போது ரேடியோ அலை தடுமாறும் என்று எங்கேயோ படித்திருந்தார். விஞ்ஞானிகளுக்கே அதில் இன்னும் சந்தேகம். சித்தப்பாவுக்கோ தெரிந்தே ஆக வேண்டியிருந்தது.

எங்கள் வீடு கோட்டை மலையின் அடியில். தலைக்கு மேலே யானை யானையாகப் பாறைகள். ஒரு ஞாயிறு முற்பகலில் நிலையம் திடீரென்று காணாமல் போனது. முள்ளை எங்கே நகர்த்தினாலும் இரைச்சல். சித்தப்பா அடுப்பை அணைத்தார். நிறைமாதமாக இருந்த அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். கதவு கதவாகத் தட்டினார். பாதித் தெரு எங்களோடு கிளம்பி, பாறை உருண்டாலும் எட்டாத தூரத்தில், வேர்க்கடலை பிடுங்கிய கொல்லையில், ஒற்றை வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தது.

"இன்னாடா இது, நெறமாசக்காரியக் கொண்டாந்து கொல்லில ஒக்கார வெச்சிட்ட?" என்றார் நைனா தம்பியிடம்.

சித்தப்பா பாறைகளையே பார்த்தார். உட்காருவார், எழுந்து நடப்பார், மறுபடி உட்காருவார். நான் மண்ணைக் கிளறி, விட்டுப்போன கடலையைத் தின்றேன். நேரமாக ஆக ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். நைனாவும் போய்விட்டார். அம்மா போகவில்லை.

"மனசுல எதுனா வெச்சிக்கினு இருக்கீங்களா தம்பி?"

"அன்னிக்குக் காலையிலயும் ரேடியோ இப்பிடித்தான் அண்ணி இரைஞ்சுது. செல்லு தீந்துபோச்சின்னு நெனச்சி வாங்கப் போனேன். அவ உள்ள டீ போட்டுக்கினு இருந்தா. வாடின்னு ஒரு வார்த்த கூப்ட்டிருந்தேன்னா வந்திருப்பா. அது நெசமாவே சொல்லுச்சா, சும்மா இரைஞ்சுதான்னு எனக்குத் தெரியணும்."

அம்மா வேப்பமரத்தில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "சரி, இருந்து பாத்துட்டே போலாம்" என்றாள்.

பொழுது சாய்ந்தது. ஒரு கல்கூட உருளவில்லை. நிலையம் திரும்ப வந்து, புரியாத பாஷையில் யாரோ செய்தி வாசித்தார். மறுநாள் டிவியில், சூரியனில் எழுந்த சீற்றத்தால் உலகமெங்கும் சிற்றலை கெட்டது என்று சொன்னார்கள்.

"அப்ப சும்மாவும் இரையும், இல்ல அண்ணி?" என்று கேட்டார் சித்தப்பா.

அதற்குள் தெரு அவருக்குப் 'பூகம்பம்' என்று பேர் வைத்திருந்தது. அவமானத்தில் அழுதுவிடுவாரோ என்று பயந்து பார்த்தேன். அவரோ அம்மாவிடம் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கி, மோர் ஊற்றிப் பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டார். ஊரே சிரிக்கும்போது இந்த மனுஷனுக்கு எப்படித்தான் பசிக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.