அய்யன் செதுக்கிய பிடி

எங்கள் குடும்பத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு ஒரு கத்தியைப் பற்றியது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அது சரியான முடிவு என்று இன்றைக்கும் யாரோடு வேண்டுமானாலும் வாதாடுவேன். வாதாடி ஜெயித்த பிறகு கொஞ்ச நேரம் யாரோடும் பேசப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

அய்யன் பட்டாளத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவை எங்கள் பக்கம் அய்யன் என்றுதான் சொல்வோம். மழை பொய்த்துக் கிணறு வறண்ட வருடத்தில், ஆள் எடுக்க வந்தவர்கள் அவர் மார்பை அளந்து பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று வந்தது. அவர் கப்பலேறிக் கடல் தாண்டிப் போன பிறகு ஒன்றுமே வரவில்லை.

எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. தோட்டத்துக்கு நடுவில், கிளுவை வேலிக்குள் தனியாக நின்றது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வேண்டுமென்றால் கிணற்று மேட்டில் ஏறி நின்று கத்த வேண்டும். அம்மா, நான், இரண்டு எருதுகள், ஏழு வெள்ளாடுகள், அவ்வளவுதான் எங்கள் உலகம். பேச ஆள் இல்லாமல் நான் ஆடுகளோடு பேசினேன். அவை தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளும். அம்மா ஆடுகளோடும் பேசவில்லை. வேலை செய்தாள், சோறாக்கினாள், வேலியில் ஆள் போக விட்டிருந்த கடவில் நின்று வழித்தடத்தைப் பார்த்தாள். அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தும் எனக்குத் தனியாக இருப்பது போலத்தான் இருந்தது. அவளுக்கும் அப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும் வயது எனக்கு வரவில்லை.

அய்யன் விட்டுப் போன கொடுவாள் கதவோரத்து முளையில் தொங்கும். என் முழங்கையிலிருந்து விரல் நுனியையும் தாண்டும் நீளம், நுனியில் ஒரு வளைவு. அதன் பிடியை வெள்வேலங்கட்டையில் அய்யனே செதுக்கிப் போட்டிருந்தார். வருடக்கணக்கில் பிடித்துப் பிடித்துக் கட்டை விரல் பதியும் இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. என் கட்டை விரலை வைத்தால் அதற்குள் இன்னொரு விரலுக்கும் இடம் இருக்கும்.

அம்மா எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுப்பாள். வேலி முள் வெட்ட, விறகு பிளக்க, ஆட்டுக்குத் தழை ஒடிக்க, எதற்கும் அதுதான். அவள் கைக்கு அது பாரம். பொழுது சாய்ந்ததும் மணிக்கட்டு வீங்கிவிடும். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து நான் ஒத்தடம் கொடுப்பேன். ஒருநாள் கருவேலங்கட்டை ஒன்றைப் பிளக்கும்போது அலகு இரண்டாக முறிந்து போனது.

முறிந்த இரும்பை அம்மா மூலையில் போட்டாள். பிடியை மட்டும் கழற்றி மடியில் செருகிக்கொண்டாள். மூன்று நாள் அது அவள் மடியிலேயே இருந்தது. களை வெட்டும்போது இருந்தது, சோறு உண்ணும்போது இருந்தது, படுக்கும்போது கையில் இருந்தது. தொலைத்துவிடக் கூடாதென்று ஜாக்கிரதையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் ஆட்டையாம்பட்டிச் சந்தை. அம்மாவின் தம்பி, என் மாமன், எருது பார்க்கப் போகிறவர் வண்டியை எங்கள் கடவில் நிறுத்தினார்.

"நீயும் ஏறுக்கா. ஒரு நாளைக்காச்சும் நாலு மனுசரு மூஞ்சியப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

"நானும் வந்துட்டா தபால்காரன் ஆரு கையில குடுப்பான்?" என்றாள் அம்மா.

எங்கள் பக்கம் தபால்காரர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதுவும் சந்தை நாளில்தான் வருவார். அதனால் அம்மா இரண்டு வருடமாகச் சந்தையையே பார்க்கவில்லை. மடியிலிருந்த பிடியை எடுத்துத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

"இந்தப் புடிக்கே புது அலகு போட்டுக் குடுக்கச் சொல்லு சாமி. பழைய மாதிரியே பெருசா இருக்கோணும். உன்ற அய்யன் வந்து தேடுனா முளையில இருக்கோணுமில்ல?"

வண்டி கிளம்பிய பிறகும் ஓடி வந்து, "பத்தரஞ் சாமி" என்றாள். என்னைத்தான் சொல்கிறாள் என்று பெருமையாக இருந்தது.

மாமனுக்கு எருதுகளைக் கண்டால் மற்றதெல்லாம் மறந்துவிடும். சந்தைக்குள் நுழைந்ததும் என்னைக் கொல்லர் பந்தலில் உட்கார வைத்து, "பெருசாவே எடுத்துக்க. நாலு பேரு பாத்தா ஒரு மதிப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடமும் ஒரு பெரிய கொடுவாள் இருந்தது. எனக்குத் தெரிந்து அதை அவர் ஆயுத பூசைக்குத் துடைத்ததைத் தவிர வேறெதற்கும் எடுத்ததில்லை.

சண்டைக் காலம், இரும்பு கிடைக்காது. பழைய வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையை வெட்டிக் கொல்லர் அடித்து வைத்திருந்தது இரண்டே இரண்டுதான். ஒன்று அய்யனுடையதைப் போலப் பெரிய கொடுவாள். இன்னொன்று ஒரு சாண் நாலு விரல் நீளத்தில், வளைவில்லாத வெட்டுக்கத்தி. அவர் மனைவி துருத்தி ஊத, அவர் இரண்டையும் சாக்கின்மேல் எடுத்து வைத்தார்.

சும்மா நின்ற சனமெல்லாம் யோசனை சொன்னது. வேலி வெட்டப் பெருசுதான் லாயக்கு என்றார் ஒரு கிழவர். சின்னதென்றால் இடுப்பில் செருகிக்கொண்டு மரம் ஏறலாம் என்றார் இன்னொருவர். கத்தியே வாங்காத இரண்டு பேர் அதற்காகச் சண்டைக்கு நின்றார்கள்.

"பெருசு ஒரே வெட்டுல சாய்ச்சுப் போடும் அம்மிணி. ஆனாத் தூக்கற கையி பெருசா இருக்கோணும்" என்றார் கொல்லர். "இது மூணு வெட்டுக் கேக்கும். நாளெல்லாம் வெட்டுனாலும் கையி நோவாது. ஆரு கைக்கு?"

அய்யன் கைக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியதைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையால் பிடித்தும் நுனி மண்ணில் போய்க் குத்தியது. அம்மாவின் வீங்கிய மணிக்கட்டு ஞாபகம் வந்தது. சின்னதை எடுத்தேன். எனக்கே தூக்க முடிந்தது. இல்லாத அய்யனுக்கு எதற்குக் கத்தி, இருக்கிற அம்மாவுக்கல்லவா வேண்டும் என்று தோன்றியது. அந்த வயதில் எனக்கு எல்லாமே இப்படித் தெளிவாகத் தோன்றும்.

"எங்கம்மா கைக்குங்க" என்றேன்.

கொல்லர் பழைய பிடியை வாங்கித் துளையைப் பார்த்தார். பெரிய அலகுக்கு என்றால் கச்சிதமாக இருக்கும், சின்னதுக்கு அது ஆடும் என்றார். புதிதாக ஒரு பிடி செதுக்கி வைத்திருந்தார், அதைப் போட்டுக் கொடுக்கிறேன் என்றார்.

"இந்தப் பழசு வேணுமா அம்மிணி?"

"எதுக்குங்க? அதுதான் புதுசு இருக்குதே."

என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அவர் மனைவி அதை உலையில் போட்டாள். காய்ந்து கிடந்த கட்டை, முதலில் பற்றவில்லை, பிறகு நன்றாகவே பற்றிக்கொண்டது. அந்தத் தீயில்தான் அலகின் வாலைப் பழுக்கக் காய்ச்சிப் புதுப் பிடிக்குள் இறக்கினார். புகை கண்ணைக் கரித்தது. வேலை எவ்வளவு சுத்தமாக முடிந்தது என்று ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமன் எருது வாங்காமலே திரும்பி வந்தார். கத்தியைப் பார்த்ததும், "ஏஞ்சாமி, இது வெங்காயம் அரியவா?" என்றார். வழியெல்லாம் கேலி செய்தார். நானும் வழியெல்லாம் மணிக்கட்டு நியாயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவர் எருது விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அம்மா கடவில் நின்றாள். தபால் வரவில்லை என்பது நிற்பதிலேயே தெரிந்தது. துணியைப் பிரித்தாள். கத்தியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் துணியை உதறினாள். மறுபடியும் உதறினாள்.

"புடி எங்க சாமி?"

"ஒலையில போட்டாச்சும்மா. இதுக்கு அது சேரல. இது உங்கைக்கு அடக்கமா இருக்குதுன்னு நாந்தான் எடுத்தேன். பாரம்மா, தூக்கிப் பாரு."

அம்மா தூக்கிப் பார்த்தாள். "நல்ல கத்தி சாமி" என்றாள். என் தலையைத் தடவிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். இவ்வளவு தூரம் யோசித்து வாங்கியதற்கு இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் குறைதான்.

மறுநாள் விடிந்ததும் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா எங்கோ கிளம்பினாள். வீட்டைவிட்டு அப்படி அவள் போனதே இல்லை. பகல் முழுக்க நான் மட்டும் இருந்தேன். கிணற்று மேட்டில் ஏறிக் கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் பதில் தரவில்லை. ஆடுகளோடு பேசவும் பிடிக்கவில்லை. பொழுதோடு புழுதிக் காலோடு திரும்பி வந்தாள். ஆட்டையாம்பட்டிக்கே போய், கொல்லர் வீட்டை விசாரித்து, அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. பெரிய கொடுவாளுக்கு மாற்றப் போனாள், அவர் மாற்றித் தரவில்லை என்று நானாக முடிவு செய்தேன். என் மேல் நம்பிக்கை இல்லாமல் போனாளே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கவே இல்லை. தவிட்டு ஒத்தடத்துக்கு வேலை இல்லாமல் போனது. அதை அவளிடம் அடிக்கடி ஞாபகப்படுத்துவேன். "ஆமாஞ் சாமி" என்பாள்.

அய்யன் வந்தார். இரண்டு வருடம் கழித்து, சண்டை முடிந்த பிறகு வந்த சோள அறுப்பின்போது ஒரு மத்தியானம் மெலிந்து போய், பெட்டியும் கையுமாகத் தடத்தில் நடந்து வந்தார். எதிரிகளிடம் பிடிபட்டுக் கடிதம் போட வழியில்லாமல் இருந்திருக்கிறார். அந்த வாரமெல்லாம் வீடு நிறையச் சனம் வந்து போனது. கூட்டம் கலைந்த பிறகு ஒருநாள் ஆட்டுக்குத் தழை வெட்ட முளையிலிருந்து கத்தியை எடுத்தார். நான் பின்னாலேயே போனேன். நாலு கொப்பு வெட்டினார், கத்தியைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாருக்குதே. அந்தப் பழைய கொடுவாள் எனக்கே பாரந்தான். ஆரு எடுத்தது இது?"

"நாந்தான்" என்றேன். வெற்றியோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சிரித்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். தண்ணீர் வீட்டில் நிறையவே இருந்தது.

அய்யன் அந்தப் பிடியைப் பற்றிக் கேட்கவேயில்லை. தான் செதுக்கியது அவருக்கே மறந்து போயிருந்தது. கேட்க வேண்டியவரே கேட்கவில்லை, இன்னும் அம்மாவுக்கு என்ன குறை என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

பிடி அய்யனுடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் விரல் பதிந்த குழிக்குள் தன் விரலை வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் அம்மா அந்தத் தோட்டத்தில் நாளைத் தள்ளியிருக்கிறாள். அன்று ஆட்டையாம்பட்டிக்கு நடந்ததும், அந்தப் பிடியில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று கேட்கத்தான். என் கத்தி வந்த பிறகு இன்னும் இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடமும் அவள் வெறுங்கையோடுதான் காத்திருந்தாள்.