பச்சைக் கோட்டுக்கு வழி விடுங்கள்

செங்கா பெட்ரி தன் பொறுப்பில் இருப்பவர்கள் யாருடைய பெயரையும் வெளியே சொன்னதில்லை. இதை அவளே எங்கள் பிட்கார்வி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

மீன் ஆலையில் இருபது வருடம் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அவளுடையது. ஆலை மூடியதும் அதே தொண்டையோடு துணைப் பணியாளர் ஆனாள். பதற்றத்தால் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் இளசுகளோடு வாரம் இரண்டு நாள் கூட நடப்பது வேலை. ஐம்பத்து நான்கு வயதாகியும் அவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது, தண்ணீரைத் தவிர. ஸ்காட்லாந்துக் கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

அவளிடம் ரோனா கத்ரியை ஒப்படைத்தார்கள். பத்தொன்பது வயது, சிவந்த தலைமுடி, முழங்கால் வரை தொங்கும் பச்சைக் கோட்டு. ரோனாவுக்கு மனிதர்களைக் கண்டு பயமில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கண்டுதான். கவுன்டருக்கு அந்தப் பக்கம் யாராவது நிமிர்ந்து "என்ன வேணும்?" என்றால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், வந்த வழியே திரும்பிவிடுவாள். இப்படிப்பட்டவள் ஆசைப்பட்டதோ, ஊர் நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்கு.

"ஏன் கண்ணு, உலகத்துல வேற வேலையே இல்லையா?" என்றாள் செங்கா.

"அங்க நான்தானே கேள்வி கேப்பேன். அவங்கதானே முழிக்கணும்?"

செங்காவின் அலுவலகம் எல்லோருக்கும் அனுப்பும் திட்டத்தில் 'பூங்காவில் நடத்தல்' என்று இருந்தது. பூங்காவில் ரோனாவுக்கு ஒரு தொல்லையும் இல்லை. வாத்துகள் எதுவும் கேட்பதில்லை. அதை அடித்துவிட்டு, அவளுக்கென்றே ஒரு திட்டத்தை இருவரும் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்கள். தபால் நிலையத்தில் தபால்தலை வாங்குவது. பேருந்தில் ஏறிப் போகும் இடத்தைச் சொல்வது. கடைசிப் படி, வெள்ளிக்கிழமை மாலை ரென்சோ பொனால்டியின் சிப்ஸ் கடை. பின்னால் இருபது பேர் நிற்க, ரென்சோ சூடான உருளைக்கிழங்குப் பொட்டலத்தை விரித்து வைத்துக்கொண்டு "உப்பும் சாஸுமா?" என்பார். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்ற ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதனாலேயே அது அவ்வளவு பயங்கரமான கேள்வி. அது முடிந்தால், அடுத்த திங்கட்கிழமை குளத்தில் சோதனை வேலை.

தபால் நிலையக் கவுன்டரில் இருப்பது நான்தான். ஒரு நாள் செங்கா வந்து கவுன்டர்மேல் சாய்ந்தாள்.

"பேரு சொல்ல மாட்டேன், தொழில் தர்மம். செவ்வாக்கிழமை பத்து மணிக்கு ஒரு பொண்ணு வரும். செவத்த முடி, பச்சைக் கோட்டு. கொஞ்சம் பார்த்து நடந்துக்குங்க."

பேருந்து ஓட்டுநரிடமும் ரென்சோவிடமும் இதையே சொல்லியிருந்தாள். பிட்கார்வியில் இருப்பது ஒரே ஒரு பச்சைக் கோட்டு. 'பார்த்து நடந்துகொள்வது' என்றால் எங்களுக்குத் தெரிந்ததும் ஒன்றே: வாயைத் திறக்காமல் இருப்பது. சீக்கிரம் போகும் முதல் வகுப்பா, மெதுவாகப் போகும் இரண்டாம் வகுப்பா என்று கேட்காமலே தபால்தலையை நீட்டினேன். பேருந்து ஓட்டுநர் எங்கே என்று கேட்காமல் கையசைத்து உள்ளே அனுப்பினார். ரோனா வீட்டுக்குப் போய் ஒவ்வொரு படிக்கும் எதிரே டிக் போட்டாள். நாங்கள் எங்கள் நல்ல மனதை மெச்சிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. ரோனா கடைக்குள் நுழைந்ததும் வரிசை தானாகவே விலகியது. ரென்சோ தயாராக வைத்திருந்த பொட்டலத்தைப் புன்னகையோடு கொடுத்தார். வெளியே காத்திருந்த செங்காவிடம் போய் அதைப் பிரித்தவள், செங்காவையும் இழுத்துக்கொண்டு உடனே திரும்பி வந்தாள்.

"ரென்சோ, இதுமேல என்ன?"

"சாஸ்தாம்மா."

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

ரென்சோ செங்காவைப் பார்த்தார். செங்கா விலைப்பட்டியலைப் படித்தாள்.

"எனக்கு சாஸ் பிடிக்காது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." சொல்லியிருப்பாளா? அந்தச் சந்தேகம் அவளுக்கும் வந்திருக்க வேண்டும். "அப்போ தபால்தலை? பஸ்ஸு? எல்லாமே இப்படித்தானா?"

வரிசையில் எட்டாவதாக நின்ற நான் என் காலணியை ஆராய்ந்தேன்.

"பேரு மட்டும் சொல்லவே இல்ல தங்கம்," என்றாள் செங்கா.

"திங்கக்கிழமை நான் அங்க உக்காரணும் செங்கா. என்னால முடியுமா, முடியாதா? அதைத் தெரிஞ்சிக்கத்தானே இத்தனை நாள் நடந்தேன்? இப்ப எனக்கு எதுவுமே தெரியல."

செங்கா மறுபடி விலைப்பட்டியல் பக்கம் திரும்பினாள்.

ரோனா வாசல் பக்கம் நடந்தாள். போய்விட்டாள் என்றே நினைத்தோம். அவளோ வரிசையின் வாலில் போய் நின்றாள்.

"முன்னாடி போம்மா," என்றார் அவளுக்கு முன்னால் நின்றவர்.

"மாட்டேன்."

இருபது நிமிடம். கையிலிருந்த காகிதப் பொட்டலம் அவள் நடுக்கத்தில் சரசரத்தது கடை முழுக்கக் கேட்டது. அவள் முறை வந்தபோது அவளைவிட ரென்சோவுக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது.

"உப்பும்... வேணாம்னா விட்டுடும்மா."

"முழுசா கேளுங்க."

"உப்பும் சாஸுமா?"

அவள் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"உப்பு மட்டும்."

"சாஸ் இல்லாமயா?" என்று ஒரு குரல் பதறியது. "பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

"உங்களை யாராவது கேட்டாங்களா?" என்றாள் ரோனா.

இதிலிருந்து நாங்கள் பாடம் கற்றிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, அவளுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று, குளத்து வாசலில் பதினொரு பேர் நின்றோம். முன்னால் செங்கா. டிக்கெட் ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால் ரோனா, சுண்ணாம்பு போல வெளுத்த முகத்தோடு.

"ஆழப் பக்கமா, ஆழமில்லாத பக்கமா?"

"நான் சும்மா உன்னைப் பார்த்துட்டுப் போகலாம்னு..."

"பாக்கிறதுக்கு டிக்கெட் கிடையாது. எந்தப் பக்கம்?"

செங்காவின் வாய் திறந்தது, மூடியது.

"அவசரமில்ல," என்றாள் ரோனா. "நிதானமா சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

"ஆழமில்லாதது."

"நீச்சல் உடை?"

"கொண்டு வரல."

"ஜனங்க மறந்துட்டுப் போனது ஒரு பெட்டி நிறைய இருக்கு. அடுத்தது யாரு?"

பதினொரு பேரையும் கேட்டாள், ஒரு கேள்வியைக்கூட விடாமல். ஏழாவது ஆளிடம் குரல் நடுங்குவது நின்றது. மேலாளர் வந்து நாளைக்கும் வரச் சொன்னபோது, "எத்தனை மணிக்கு?" என்று அவரையும் கேட்டாளாம்.

அப்போது நாங்கள் தண்ணீரில் இருந்தோம். யாரோ மறந்துபோன மஞ்சள் பூப்போட்ட உடையில், இடுப்பளவுத் தண்ணீரில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செங்கா நின்றாள்.

"இதை வெளியே சொல்லிடாதீங்க," என்றாள், பல் கிட்டிக்க.

"பேரு சொல்ல மாட்டேன்," என்றேன்.