அண்ணன் வெளியே வந்த பிறகு

தைப்பிங் சிறையிலிருந்து என் அண்ணன் வெளியே வந்த அன்று நான் போகவில்லை. தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நான் லீவே கேட்கவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் அது. ரப்பர் எஸ்டேட்டில் அவனோடு பால் மரம் வெட்டிய கூட்டாளி அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அவனை ஏற்றிவந்து ஈப்போவில் என் வீட்டு முன்னால் இறக்கிவிட்டார்.

கதவு திறந்தே கிடந்தது. அண்ணன் வெளியிலேயே நின்றான்.

“உள்ள வாண்ணே,” என்றேன். அப்புறம்தான் காலெடுத்து வைத்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட் கள்ளுக்கடைச் சண்டையில், கூட வேலை செய்த ஒருவரைப் பாராங் கத்தியால் வெட்டிவிட்டான். அவர் பிழைக்கவில்லை.

வீட்டில் சோறு போட்டுக்கொள்ளக்கூட அனுமதி கேட்டான். யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் சுவரோரம் விறைத்து நின்றான். சில மத்தியானங்களில் திடீரென்று எழுந்து, குவளையில் தண்ணீர் மொண்டு வாசலில் வைப்பான். ஏன் என்று கேட்டேன்.

“வெட்டுப்பட்டு கெடந்தப்ப தண்ணி கேட்டான். குடுக்காம ஓடிட்டேன். இன்னும் கேக்குறான் பாப்பா.”

மறுநாள் கத்திகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அண்ணன் அதைக் கவனித்தான்.

கூட்டாளி ஞாயிறுதோறும் வருவார். ஒரு வாரம் பலாப்பழத்தோடு வந்து, “கத்தி குடு தங்கச்சி,” என்றார். நான் சாவியை எடுத்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தியை வாங்கி அண்ணனிடம் நீட்டினார்.

“நீ வெட்டு மச்சான்.”

“வேணாம்லா.”

“நான் இங்கதான இருக்கேன். வெட்டு.”

மெதுவாக வெட்டிச் சுளை எடுத்தான். முதல் சுளையை என் மகளிடம் நீட்டினான். அவள் வாங்குவதற்குள் நான் அவளைத் தூக்கிக்கொண்டேன்.

அந்த மாதமே கூட்டாளி அவனை மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்குக்கு அழைத்துப்போனார். தெரிந்த சீன மீன் முதலாளி, தவுக்கே ஒருவரிடம், “ஜெயில்ல இருந்தவன்தான். நான் பொறுப்பு,” என்று சொல்லி ஐஸ் உடைக்கும் வேலையில் சேர்த்துவிட்டார். லாரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கி, அவனோடு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். தண்ணீர் கேட்கும் குரல் நிற்கவே இல்லையாம். அது கேட்கும் நாட்களில் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம்.

ஒன்பது வருஷம் அங்கே உழைத்தான். பிறகு காய்ச்சலில் போய்விட்டான்.

சாவு வீட்டில் கூட்டாளியிடம் கேட்டேன்: “ஏண்ணே அவன் ஒரு தடவகூட எங்க வீட்டுப் பக்கம் வரல?”

“நானும் கூப்பிட்டுப் பாத்தேன் தங்கச்சி. புள்ள பயப்படும்னு சொல்லுவான்.”

என் மகள் அவனைக் கண்டு ஒருநாளும் பயந்ததில்லை.