மோரிப் கரையில் எடுத்த படம்

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு வீட்டுச் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்ததும் காறித் துப்பத் தோன்றியது. அடுத்தவர் வீடாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன். உடைந்த கப்பலின் பலகைமேல் ஒரு காலை வைத்து, கோட்டும் தொப்பியுமாக எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி.

"எங்க தாத்தா, ஆன்டி. மூணு மாலுமிங்கள காப்பாத்துனாரு," என்றான் வீட்டுக்கார இளைஞன்.

1930களில் நடந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. விடியலில் மோரிப் கடற்கரைச் சேற்றில் இடுப்பளவு இறங்கி அந்த மூவரையும் இழுத்து வந்தவர்கள் என் அம்மாவும் இரண்டு பால்வெட்டுப் பெண்களும். வெயில் ஏறிய பிறகுதான் கிராணி காரில் வந்தார், படம் பிடிப்பவரையும் கூட்டிக்கொண்டு. குளிரில் நடுங்கிய ஒருவனுக்கு அம்மா தன் ஒரே மாற்றுச் சேலையைப் போர்த்தியிருந்தாள்.

"அந்தக் கந்தல எடு. நீயும் தள்ளிப் போ, படம் கெட்டுரும்," என்றார் கிராணி.

"படத்துக்கு நீங்க போதும் ஐயா. இவனுக்குத் துணி வேணும்."

அம்மா நகரவில்லை. கடைசியில் அந்தப் பெரிய மனிதர்தான் சேற்றில் தடுமாறி, கப்பலின் மறுபக்கம் போய்ப் படத்துக்கு நின்றுகொண்டார்.

"உங்க தாத்தா யாரையும் காப்பாத்தல தம்பி. காப்பாத்துனது எங்கம்மா. படத்துக்கு வெளியே, கப்பலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கா," என்றேன்.

அவன் படச் சட்டத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.