பின்சீட் இல்லாத கார்

1. இடதுபக்க சீட்

திங்கட்கிழமை, காலை 7.10. பொன்னேரியில் மேடம் வீட்டு வாசலில் நின்ற புது வண்டியைப் பார்த்தேன். கரும்பச்சை நிறம், துணிக் கூரை, இரண்டே சீட். பட்டனை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போய்விடும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்களுடையது ஃபோர்ஜிங் கம்பெனி. இரும்பைக் காய்ச்சி, அடித்து, லாரி ஆக்ஸில் செய்கிறோம். பழைய முதலாளிக்குப் பன்னிரண்டு வருஷம் கார் ஓட்டினேன். அவர் பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டே வருவார். அவர் ஓய்வெடுத்துக்கொண்டதும் மகள் பொறுப்புக்கு வந்தார். மேடம் என்றால் அவர்தான்.

சாவிக்குக் கையை நீட்டினேன். மேடம் ஏற்கெனவே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏழுமலை, நீங்க இந்தப் பக்கம் ஏறுங்க. நான் ஓட்டறேன்."

"தெனமும் இதுலயா மேடம்?"

"தெனமும்தான். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் கார் வாங்கற ஆள் நான் இல்ல."

முதலாளி ஓட்ட, டிரைவர் இடதுபக்கம் உட்கார்ந்து கம்பெனிக்குப் போனோம். கூரை இல்லாததால் யார் கண்ணிலிருந்தும் தப்ப முடியவில்லை. தச்சூர் கூட்டுரோட்டில் ஒரு லாரி கிளீனர் மேலிருந்து எட்டிப் பார்த்து எனக்கு சல்யூட் அடித்தான். கேட்டில் செக்யூரிட்டி தாஸ் விறைப்பாக நின்று கதவைத் திறந்தார். மேடம் உள்ளே போனதும் ஆரம்பித்தார்.

"இன்னா மொதலாளி, புது டிரைவர் நல்லா ஓட்றாங்களா?"

நானும் சிரித்தேன். பர்சனல் ஆபீசர் சிரிக்கவில்லை. மதியம் கூப்பிட்டு, "மேடமே ஓட்டினா டிரைவர் போஸ்ட் எதுக்குன்னு நான் எழுதியாகணும். மாசக் கடைசில முடிவு பண்ணிடுவோம். அதுவரைக்கும் பாருங்க" என்றார். எனக்கு ஐம்பத்தோரு வயது. வண்டிக்கென்று நான் தினமும் எழுதும் நோட்டில் அன்றைய கடைசி வரி: 'மாசக் கடைசி.'

2. பதினான்கு வேகத்தடைகள்

செவ்வாய்க்கிழமை கவரைப்பேட்டை தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டியின் வயிறு 'சர்ர்' என்று உரசியது. மேடத்தின் முகம் மாறிவிட்டது. அடியில் நாலரை அங்குலம்தான் இடைவெளி.

எதையும் அளந்து எழுதிவைப்பது என் பழக்கம். புதன்கிழமை விடியற்காலை பைக்கில் போய், இரும்பு ஸ்கேல் வைத்து வழியிலிருந்த பதினான்கு வேகத்தடைகளையும் அளந்தேன். பதினொன்றைச் சாய்வாக ஏற்றினால் தாண்டிவிடலாம். மூன்று மட்டும் எப்படி ஏற்றினாலும் உரசும் போலிருந்தது. அன்று காலை அந்த மூன்றில் முதல் தடையில், "மேடம், நிறுத்துங்க, எறங்கிப் பாக்கறேன்" என்றேன். குனிந்து பார்த்துக்கொண்டே கையைக் காட்டினேன். வண்டி உரசாமல் தாண்டியது. ஒரு விரல் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. உரசியது என் எடையால். எழுபத்தெட்டு கிலோ.

அன்று முதல் அந்த மூன்று இடத்திலும் நான் இறங்குவேன், மேடம் தாண்டிப்போய் நிறுத்துவார், நான் நடந்துபோய் ஏறிக்கொள்வேன். எங்கள் ஷிப்ட் பஸ்காரர் இதைப் பார்த்துவிட்டார்.

"யோவ் ஏழுமல, கார்ல போறியா, கார் கூட நடந்துகினு போறியா?"

"ரெண்டும்தான் நைனா. வாக்கிங் போன மாதிரியும் ஆச்சு."

வாய் பதில் சொல்லிவிட்டது. நோட்டு அப்படி விடவில்லை. 'டிரைவர் இறங்கினால் உரசல் இல்லை' என்று எழுத வேண்டும். என் போஸ்ட்டை எடுக்கப் பர்சனல் ஆபீசருக்கு அந்த ஒரு வரி போதும். பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். கடைசியில் எழுதிவிட்டேன். அளந்ததை எழுதாமல் விட்டால் அதற்குமுன் எழுதிய பன்னிரண்டு வருஷத்தையும் யார் நம்புவார்கள்?

3. கிரீஸ்

ஓட்டும் வேலை இல்லாததால் பராமரிப்பிலாவது பெயர் வாங்க நினைத்தேன். கூரை மடியும் கீல்களுக்குத் தினமும் காலையில் கிரீஸ் வைத்தேன். பழைய பெரிய வண்டியின் கதவுகளுக்கு அப்படித்தான் செய்வேன்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, மாலை 5.40. வீடு திரும்பும்போது தச்சூர் பக்கத்தில் மழை பிடித்தது. மேடம் ஓரங்கட்டி பட்டனை அழுத்தினார். கூரை பாதி எழுந்து, கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"ஏழுமலை, இப்ப என்ன பண்றது?"

வண்டியோடு வந்த மேனுவலை முதல் வாரமே படித்திருந்தேன். டிக்கியில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் கூரையைக் கையால் இழுக்கலாம். இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். போல்ட்டைத் தளர்த்தினேன்.

"மேடம், நீங்க அந்தப் பக்கம் புடிங்க. நான் சொன்னப்புறம் தூக்குங்க."

முதலாளிக்கு நான் இட்ட முதல் கட்டளை அது. இரண்டு பேரும் நனைந்துகொண்டே கூரையை இழுத்து மாட்டினோம். எதிரே பஞ்சர் கடையில் ஒதுங்கி நின்றவர்கள் கைதட்டினார்கள். மேடம் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் விரல் முழுக்கக் கருப்பு மை போல ஏதோ ஒட்டியிருந்தது. தேய்த்துப் பார்த்தால் நறநறவென்றது.

மறுநாள் கீலைத் துடைத்துப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் சூடான இரும்பை அடிக்கும்போது மேலே உரியும் செதிலை ஸ்கேல் என்போம். அதன் தூள் யார்டு முழுக்கப் பறக்கும். மூடிய வண்டியில் அது பெயின்ட் மேல் படிவதோடு போயிற்று. இந்த வண்டியில் என் கிரீஸ் அதையெல்லாம் பிடித்துவைத்து, உப்புத்தாள் போல அரைத்திருக்கிறது. கிரீஸ் வைக்காமல் இருந்திருந்தால் கூரை பாதியில் நின்றிருக்காது.

இதையும் எழுதினேன். 'தவறு என்னுடையது. கிரீஸ் கூடாது. கம்பெனி ஒர்க்ஷாப்பிலிருந்து காந்தம் வாங்கி, துணியில் சுற்றி, தினமும் தூளை எடுக்க வேண்டும்.'

4. மாசக் கடைசி

பர்சனல் ஆபீசர் நோட்டைக் கேட்டு வாங்கி மேடம் மேஜையில் வைத்தார். நான் கதவோரம் நின்றேன். மேடம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எடை எழுதிய பக்கத்தில் நின்றார். கிரீஸ் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

"நீங்க எறங்கினா வண்டி உரசாது. நீங்கதான் கூரையையும் கெடுத்தீங்க. ரெண்டையும் கிழமை, நேரம் போட்டு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமாம் மேடம்."

"நம்ம ஃபோர்க்லிஃப்ட் மாசத்துல மூணு தடவ நிக்குது. ஏன்னு கேட்டா, ஒருத்தரும் தான் பண்ணதச் சொல்ல மாட்டேங்கறாங்க." பர்சனல் ஆபீசரைப் பார்த்தார். "எல்லா வண்டியோட நோட்டும் இனிமே இவர்கிட்ட இருக்கட்டும். டிரைவர் போஸ்ட் வேண்டாம்னா வேற பேர் வெச்சுக்கங்க."

வெளியே வந்ததும் தாஸ், "இன்னா ஆச்சுண்ணே?" என்றார். சொன்னேன். "அப்போ நாளைக்கும் நடக்கணும்னு சொல்லு!" என்றார்.

புதிதாக வரும் டிரைவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வண்டி நின்றால் முதலில் உங்கள் கை என்ன செய்தது என்று எழுதுங்கள், பிறகு வண்டியைப் பற்றி எழுதுங்கள்.

நான்கு வருஷம் ஆயிற்று. கரும்பச்சை வண்டி மழையிலும் வெயிலிலும் தினமும் வருகிறது. போன மாதம் ரோடு போட்டபோது அந்த மூன்றில் ஒரு தடையைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். நோட்டில் அதைக் கோடு போட்டு அடித்தேன். மறுநாள் காலை அந்த இடம் வந்ததும் மேடம் நிறுத்தினார். நானும் இறங்கிவிட்டேன். சமமான ரோட்டில் வண்டி எனக்கு முன்னால் மெதுவாகப் போய் நின்றது. நான் பின்னாலேயே நடந்துபோய் ஏறிக்கொண்டேன். கும்மிடிப்பூண்டி பாலம் வந்தபோதுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.