ஒன்றாம் எண் பில்லை

என் மேசையின் மேல் ஒரு பித்தளைப் பில்லை கிடக்கிறது. பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் இருக்கும். ஆணியில் மாட்டுவதற்காக மேல் விளிம்பில் ஒரு துளை. நடுவில் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்த ‘1’. அடித்தபோது அச்சு நகர்ந்துவிட்டதால் எண் சற்று வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு மேசை மாறியபோதெல்லாம் இதுவும் இழுப்பறை விட்டு இழுப்பறை மாறி வந்திருக்கிறது. யாராவது கேட்டால், சின்ன வயதில் என் பெரியப்பா எனக்குச் செய்துகொடுத்தது என்பேன். அவர் செய்தது என்பது உண்மை. எனக்காகச் செய்தது என்பது உண்மையல்ல.

பெரியப்பா கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தார். எழுபதுகளின் நடுப்பகுதி. அந்த அறையின் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே வண்ணத்தில் வரைந்து, அதன்மேல் ஆணி அடித்திருப்பார்கள். கருவியை எடுக்கும் தொழிலாளி தன் எண் போட்ட பில்லையை அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திருப்பித் தரும்போது பில்லையை எடுத்துக்கொள்ளலாம். எது எங்கே போயிற்று என்று யாரும் யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. சுவரைப் பார்த்தால் போதும். பெரியப்பாவுக்கு உலகத்தில் இருந்த எல்லா ஏற்பாடுகளிலும் இதுதான் நேர்த்தியானதாகத் தோன்றியது. ஆரம்பாக்கத்தில் இருந்த தன் வீட்டிலும் அதைக் கொண்டுவந்தார்.

அந்த வீட்டில் பின்பக்க அறை முழுவதும் பிள்ளைகளுக்கு. அந்தக் காலத்தில், அந்த ஊரில், பிள்ளைகள் படுக்கவும் படிக்கவும் தனி அறை என்பது யாரும் கேள்விப்படாதது. அந்த அறையின் சுவரில் சீப்பு, கத்தரிக்கோல், அடிக்கோல், டார்ச் லைட், புத்தகப் பை, துண்டு எல்லாம் செங்காவி நிறத்தில் நிழல்போல வரையப்பட்டிருந்தன. பொருளைச் சுவரோடு வைத்துப் பென்சிலால் சுற்றிவர இழுத்து, உள்ளே வண்ணம் அடித்திருந்தார். சுருட்டிய பாய்கள் நிற்கத் தரையில் மூன்று வட்டங்கள். எதையும் எடுக்காதபோது பில்லைகள் கதவோரத்தில் அவரவர் ஆணியில் தொங்கும். வேலை முடிந்து மாலை ரயிலில் வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த அறை வாசலில் நின்று சுவரைப் பார்ப்பார். உள்ளே வரமாட்டார். திட்டமாட்டார். காலியாக ஏதாவது தெரிந்தால் அங்கே மாட்டியிருக்கும் எண்ணைப் படிப்பார், அவ்வளவுதான். “எடம் இல்லாத பொருள ஊட்டுக்குள்ள கொண்ணாராதீங்க” என்பது அவர் அடிக்கடி சொல்வது. மிட்டாய்த் தாள்கூட அந்த அறைக்குள் வர முடியாது.

பெரியம்மா இதையெல்லாம் ஒத்துக்கொண்டதில்லை. “இது ஊடா, ஒர்க் ஷாப்பா? எனக்கும் ஒரு நம்பர் அடிச்சுக் குடுத்துடு. அடுப்பாண்ட ஆணியில மாட்டிக்கினு கெடக்கறேன்” என்பார். பெரியப்பாவின் மகன், எட்டு வயதுத் தம்பி, ஒருநாள் வெல்லத்தைத் தின்றுவிட்டு, வெல்ல டப்பாவுக்குள் தன் மூன்றாம் எண் பில்லையை வைத்துவிட்டான். அடிக்க வந்த பெரியம்மாவிடம், “பில்ல வெச்சிட்டுத்தானே எடுத்தேன், இன்னாத்துக்கு அடிக்கற?” என்றான். பெரியப்பா சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அதற்குமேல் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற அப்பாவிடம், “நான் படிக்க வெக்கறேன், நீ கம்முனு இரு” என்று சொல்லி என்னை அழைத்து வந்தவர் பெரியப்பா. வந்த வாரமே சுவர் முழுவதையும் சுண்ணாம்பு அடித்து மறைத்து, என் பொருள்களுக்கும் இடம்விட்டுப் புதிதாக வரைந்தார். பில்லைகளையும் மாற்றினார். அதுவரை ஒன்றாம் எண் அவர் மகளுடையது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். “அக்கா பெரியவ. ஒண்ணு அவளுக்கு. நீ ரெண்டு, தம்பி மூணு” என்றார். அவள் தன் ஆணியிலிருந்து பில்லையைக் கழற்றி, பாவாடையில் துடைத்து, என் கையில் வைத்தாள். முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு காம்பஸ் பெட்டி இருந்தது. நான் தினமும் காலை ரயிலில் கும்மிடிப்பூண்டி உயர்நிலைப் பள்ளிக்குப் போய்வந்தேன். அவள் உள்ளூர்ப் பள்ளி. ஒரு வியாழக்கிழமை நான் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒன்றாம் எண்ணை மாட்டிவிட்டுப் போனேன். மூன்றாம் பீரியட் கணக்கு. பையைத் திறந்தபோது பெட்டி இல்லை. ரயிலில் இருக்கையின்மேல் வைத்து, அதன்மேல் தாளை வைத்து வரலாற்றுக் கேள்வி எழுதிப் பார்த்தது ஞாபகம் வந்தது. மாலையில் ஸ்டேஷனில் கேட்டேன். இல்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அறையில் யாரும் இல்லை. தங்கை பின்கட்டில் பெரியம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பேச்சு எனக்குக் கேட்டது. சுவரில் வரைந்திருந்த செங்காவிப் பெட்டியின் நடுவில் ஒன்றாம் எண் பில்லை தொங்கியது. தொலைத்தது தெரிந்தால் பெரியப்பா என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானாக நினைத்துக்கொண்டது. ஒன்றைக் கழற்றினேன். கதவோரத்தில் அவள் ஆணியில் இருந்த இரண்டை எடுத்து அங்கே மாட்டினேன். ஒன்றை என் ஆணியில் மாட்டினேன். பிறகு கைகால் கழுவப் போனேன்.

பெரியப்பா வாசலில் நின்று படித்தார். “ரெண்டு.”

அவள் ஓடிவந்தாள். “நான் எடுக்கல நைனா. நேத்து எடுத்தேன், நேத்தே வெச்சிட்டேன்.”

“அப்ப பில்ல இன்னா, தானா நடந்து போச்சா?”

“சத்தியமா எடுக்கல.”

“எங்க டூல் ரூம்ல ஆளக் கேக்க மாட்டோம்மா. பில்லையத்தான் கேப்போம். அது பொய் சொல்லாது.”

அவள் என்னைப் பார்த்தாள். குற்றம்சாட்டும் பார்வை இல்லை. நீயாவது சொல்லேன் என்பதுபோல. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேல் அதிக நேரம் துடைத்தேன்.

அவர் அடிக்கவில்லை. தொலைத்ததற்கு ஒன்றுமில்லை, மறைத்ததற்குத்தான் தண்டனை என்று சொல்லி, இரண்டாம் எண் பில்லையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வகுப்புக்குப் போகும்வரை அவளுக்குப் பில்லை இல்லை. சுவரிலிருந்து எது வேண்டுமானாலும் அக்காவைத்தான் கேட்க வேண்டும். மறுநாள் அவள் பாய்களுக்கு அடியிலெல்லாம் பெட்டியைத் தேடினாள். அப்போது அவள் சொன்னது, “எடுத்த மாதிரியே ஞாபகம் இல்ல.” அதற்கு மறுநாள் அழுதுகொண்டே, “ஸ்கூல்ல உட்டுட்டேனோ இன்னாவோ” என்றாள். வாக்குமூலம் இப்படி நாளுக்கு நாள் மாறுவதைப் பிற்காலத்தில் நீதிமன்றச் செய்திகளைத் திருத்தும்போது பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் பார்த்தது அந்த அறையில்.

ஏழு மாதங்கள் அவள் என்னைக் கேட்டாள். “அக்கா, சீப்பு எடுத்துக் குடுக்கா.” “அக்கா, துண்டு.” ஒவ்வொரு முறையும் நான் எழுந்து, எடுத்துக் கொடுத்து, ஒன்றாம் எண்ணை மாட்டினேன். தங்கையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரியப்பா வெளியாட்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். புதிதாக ஒரு காம்பஸ் பெட்டியும் வாங்கி, அதே உருவத்தின்மேல் வைத்தார். அதை மட்டும் அவள் கேட்கவேயில்லை. தன் கண்ணாடி வளையலை நோட்டில் வைத்து வட்டம் வரைந்தாள். கணக்கில் ஆரம் மூன்று சென்டிமீட்டரோ ஐந்து சென்டிமீட்டரோ, அவள் நோட்டில் எல்லா வட்டமும் ஒரே அளவு. ஒவ்வொன்றின் மேலும் வாத்தியாரின் சிவப்புப் பென்சில் குறுக்குக் கோடு. அந்த நோட்டை நான் பார்த்தேன். மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஜூன் மாதம் பெரியப்பா பில்லையைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கிக் கதவோரத்து ஆணியில் மாட்டினாள். அதன்பிறகு அதை அவள் தொடவில்லை. துணி வைத்திருந்த தகரப் பெட்டிக்குள்ளேயே ஒரு சீப்பு வைத்துக்கொண்டாள். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தவறினாள், திரும்ப எழுதவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று எழுதவும் ஆதாரம் இல்லை. நான் சென்னைக்குக் கல்லூரிக்குப் போனேன். ரயிலடியில் வழியனுப்பியபோது பெரியப்பா ஒன்றாம் எண்ணை என் கையில் கொடுத்து, “ஹாஸ்டல்லயும் பொருள எடத்துல வெய்யி” என்றார். பத்திரிகையில் சேர்ந்த பிறகு, எத்தனையோ பேருடைய பிழைகளுக்கு நான் திருத்தம் எழுதி வெளியிட்டிருக்கிறேன். பெரியப்பா மேலும் பதினெட்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஆரம்பாக்கத்துக்கு எத்தனை முறை போயிருப்பேன்! சொல்ல வேண்டும் என்று ஒருமுறைகூடப் போகவில்லை.

போன மாதம் திருவள்ளூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு இரண்டு பேத்திகள். அவர்கள் அறையில் கட்டிலின்மேல் துணி, துணியின்மேல் புத்தகம், புத்தகத்தின்மேல் பாதி கடித்த கொய்யா. என்ன இப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். “கெடந்துட்டுப் போட்டும்கா. எது எங்க கீதுன்னு நான் கேக்கறதே இல்ல. என் புள்ளைங்களயும் கேட்டதில்ல” என்றாள். பேசிக்கொண்டே எழுந்துபோய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி போய்ப் பார்த்தாள். “என்ன நானே நம்ப மாட்டேன்கா. சின்ன வயசுலயே அப்படித்தான். அந்தக் காம்பஸ் பொட்டிய எங்க உட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரலியே. அன்னிக்கு நைனாகிட்ட இல்ல இல்லன்னு சாதிச்சேன், பாவம்” என்று சிரித்தாள்.

அப்போதுதான் சொன்னேன். ரயில், இருக்கை, இரண்டு ஆணிகள், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது, எல்லாவற்றையும் வரிசையாக. கைப்பையிலிருந்து பில்லையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை எடுத்து, சாய்ந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவினாள். உள்ளே பேத்திகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நைனா உசுரோட கீறப்பவே சொல்லியிருக்கலாம்கா” என்றாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள், கத்தரிக்காய்க் காரக்குழம்பு வைத்திருந்தாள், தானே பரிமாறினாள். கிளம்பும்போது பில்லையை அவளிடமே விட்டுவரப் பார்த்தேன். முதலில் அது அவளுடையதுதானே என்றேன். வாசல்வரை வந்து, என் கைப்பையைத் திறந்து, அவளே உள்ளே போட்டு மூடினாள். “எனக்கு வேணாம்கா. இத நான் எங்கன்னு வெப்பேன்?”

அன்றிலிருந்து பில்லை என் மேசையின் மேல் கிடக்கிறது. இழுப்பறைக்குள் மறுபடி வைக்க மனம் வரவில்லை. காலையில் தாள்களைத் தள்ளும்போது அதுவும் நகர்கிறது. மாலையில் வேறெங்கோ இருக்கிறது. இடம் இல்லாத பொருளை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அவர் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். இதற்கு ஓர் இடம் இருந்தது: ஆரம்பாக்கம் வீட்டின் பின்பக்க அறையில், காலியாக இருந்த செங்காவிப் பெட்டியின்மேல். அந்த வியாழக்கிழமை மாலை அவர் வாசலில் வந்து நிற்கும்வரை அது அங்கேயே தொங்கியிருக்க வேண்டும்.